பேனரா, பலகையா? ஒரு சாவிக் கடைக்காரருக்குப் பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான். பூட்டு திறப்பது, மாற்றுச் சாவி போடுவது என்று சின்னதாக ஒரு கடை. ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. திறந்த அன்று கட்டிய ஃபிளெக்ஸ் பேனர் வெளுத்துவிட்டது. அதையே இன்னொன்று அடித்துக் கட்டலாமா, இல்லை நிரந்தரமாக ஒரு பலகை வைக்கலாமா? பலகைக்கு பேனரைப்போல 15 மடங்கு கேட்கிறார்கள். இப்போதெல்லாம் எல்லோரும் போனில் தேடித்தானே வருகிறார்கள், பலகைக்கு மதிப்பு இருக்கிறதா? வாடகை ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பெயர்ப்பலகை செய்கிறவன். இருபது வருடத்துக்கு மேல் இதுதான் பிழைப்பு. "வையுங்கள்" என்று நான் சொன்னால் அதில் என் வயிறும் பேசுகிறது என்று நீங்கள் நினைத்தால் தப்பில்லை. அதனால் எந்த இடத்தில் பலகைக்குப் போடும் காசு வீண் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். உங்கள் விஷயத்தில் என் பதில்: வையுங்கள், ஆனால் 15 மடங்கு கேட்கிற அந்தப் பலகையை அல்ல.

ஏன் வைக்க வேண்டும் என்பதை உங்கள் தொழிலிலிருந்தே பார்ப்போம். சாவி வேலை யாருக்கும் தினமும் தேவைப்படாது. உங்கள் கடையைத் தாண்டித் தினமும் வேலைக்குப் போய்வரும் ஒருவருக்கு வருடத்தில் 364 நாள் நீங்கள் தேவையே இல்லை. மிச்சமுள்ள ஒரு நாள், வீட்டு வாசலில் நின்றுகொண்டு பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்துவிட்டு, சாவி தொலைந்தது உறுதியானதும், "அந்தத் திருப்பத்துல ஒரு சாவிக் கடை இருக்குமே" என்று அவருக்குத் தோன்ற வேண்டும். அந்த "இருக்குமே" வருவதற்காகத்தான் பலகை மீதி 364 நாளும் அங்கே நிற்கிறது. அவர் அதை உட்கார்ந்து வாசித்திருக்க மாட்டார். போகிற போக்கில் நூறு தடவை கண்ணில் பட்டிருக்கும், அவ்வளவுதான். மனிதர்கள் திரும்பத் திரும்பப் பார்த்த ஒன்றைப் பார்க்காத ஒன்றைவிட விரும்ப ஆரம்பிக்கிறார்கள் என்று ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் ஒரு புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை எழுதினார். அர்த்தம் தெரியாத சொற்களைக்கூட அடிக்கடி கண்ணில் காட்டினால் அவை நல்லதாகத் தோன்ற ஆரம்பித்தன. கடைக்காரர்களுக்கு இது யாரும் சொல்லித் தராமலே தெரியும். ஒரே இடத்தில் ஒரே முகத்தோடு நின்றால் ஊர் பழகிக்கொள்ளும்.

இங்கேதான் பேனர் சறுக்குகிறது. பேனரின் குறை அதன் மலிவு அல்ல, அதன் முகம் மாறிக்கொண்டே இருப்பது. முதல் மாதம் சிவப்பு, ஆறாம் மாதம் ரோஸ், எட்டாம் மாதம் ஒருவித நீலச் சாம்பல். வெயிலில் கிடக்கும் அச்சில் சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும், நீலமும் கறுப்பும் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். பழைய சுவரொட்டிகள் எல்லாம் நீலம் பாய்ந்து நிற்பது அதனால்தான். அப்புறம் ஒரு ஓரத்தில் கயிறு அறும், நடுவில் காற்று பையாகப் புடைக்கும். புதுசு கட்டும்போது எழுத்துரு வேறு, நிறம் வேறு. எட்டு மாதம் பழகிய முகத்தை நீங்களே அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள்.

இன்னொன்றும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி ரிப்பேர் பார்க்கும் கடையை இரண்டு வருடம் பேனரிலேயே ஓட்டினார். வழக்கமாக வருகிற பெண்மணி ஒருத்தர் ஒரு நாள், "கடையை எப்போ காலி பண்றீங்க? என் ஃபேனை அதுக்குள்ள கொடுத்துடுவீங்கதானே?" என்று கேட்டிருக்கிறார். இவர் அப்படியே திகைத்துப்போனார். கிழிந்த பேனரைப் பார்த்து அந்த அம்மா கணக்குப் போட்டுவிட்டார், இவர் தங்குகிற ஆள் இல்லை என்று. உங்கள் தொழிலில் இது இன்னும் கூர்மையானது. சாவி போடுகிறவர் கையில் ஒருவர் கொடுப்பது ஒரு துண்டு உலோகத்தை இல்லை, தன் வீட்டை. "நாளைக்கும் இந்த ஆள் இங்கேதான் இருப்பார்" என்ற தைரியம் இல்லாமல் கொடுக்க மாட்டார். சுவரில் போல்ட் போட்டு முடுக்கிய பலகை அந்தத் தைரியத்தைப் பேசாமல் கொடுக்கும்.

சரி, போனுக்கு வருவோம். போனில் தேடி வருவது உண்மைதான், மறுக்கவில்லை. வரைபடத்தில் உங்கள் கடையைப் பதிவு செய்யாமல் இருந்தால் இன்றைக்கே செய்யுங்கள், காசு கூடக் கிடையாது. ஆனால் போன் அவரைத் தெருவரைக்கும்தான் கொண்டுவந்து விடும். நீலப் புள்ளி பத்து இருபது அடி முன்னே பின்னே காட்டும். கடைசி நாற்பது அடியைக் கண்தான் நடக்க வேண்டும். சீனாவில் சோங் அரச காலத்தைச் சேர்ந்த ஒரு செப்பு அச்சுத் தகடு கிடைத்திருக்கிறது, பெய்ஜிங்கில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜினான் ஊரில் லியூ குடும்பத்தார் நடத்திய ஊசிக் கடையின் விளம்பரம் அது. ஆயிரம் வருடத்தை ஒட்டிய பழசு. நடுவில் ஒரு வெள்ளை முயல் உலக்கை பிடித்து இடிக்கிற படம். பக்கத்தில் எழுதியிருப்பதன் பொருள்: "வாசலில் உள்ள வெள்ளை முயலை அடையாளமாகக் கொள்ளுங்கள்." எனக்கு மிகவும் பிடித்த விளம்பரம் இது. காகிதம் ஊரெல்லாம் சுற்றும், ஆனால் கடைசியில் வாசலில் நிற்கும் முயலைக் கைகாட்டிவிட்டுத்தான் ஓயும். இன்றைக்குக் காகிதத்துக்குப் பதில் போன். முயல் வேலை அப்படியேதான் இருக்கிறது. வரைபடப் பக்கத்தில் நீங்கள் போடப்போகும் கடையின் முகப்புப் படத்தில்கூடப் பெரும்பாகம் பலகைதானே.

கணக்கு. இதைப் பலகை விற்கிறவர்கள் தவறாகச் சொல்வார்கள். "பேனர் மாற்றி மாற்றி நீங்கள் செலவு செய்வதைவிட இது மலிவு" என்பார்கள். உங்கள் எண்களையே வைத்துப் பாருங்கள். எட்டு மாதத்துக்கு ஒரு பேனர் என்றால் 36 மாதத்துக்கு நாலரை பேனர், ஐந்து என்றே வையுங்கள். பலகை 15 பேனர் விலை. மூன்று வருடத்தில் பேனர்தான் மலிவு, அதில் வாதமே இல்லை. ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். பலகை விலையிலிருந்து ஐந்து பேனர் விலையைக் கழியுங்கள். மிச்சத்தை 36 மாதத்தால் வகுங்கள். வருவது மாதாமாதம் பலகைக்காக நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் தொகை. அதை ஒரு பூட்டு திறக்கும் வேலையில் உங்கள் கையில் நிற்கும் லாபத்தால் வகுங்கள். மாதம் இரண்டு மூன்று பேர் கூடுதலாக வந்தால் அடைந்துவிடும் என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம். மாதம் இருபது பேர் வர வேண்டும் என்று வந்தால் பலகையைக் கைவிடாதீர்கள், பலகையின் ஆடம்பரத்தைக் கைவிடுங்கள். ஏனென்றால் அந்த 15 மடங்கில் பாதிக்கு மேல் எதற்கு என்று எனக்குத் தெரியும்: உள்ளே எல்இடி, பக்கவாட்டு மடிப்போடு முப்பரிமாண எழுத்து, பளபளப்பு. இவை எதுவும் "இருக்குமே" என்ற நினைப்பை உண்டாக்குவதில்லை. எழுத்தின் அளவும் இடமும்தான் உண்டாக்குகின்றன.

அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதில்தான் பெரும்பாலான பலகைகள் தோற்கின்றன. தொழிலில் நாங்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு: ஒரு அங்குல உயர எழுத்து பத்து அடி தூரத்தில் சிரமமில்லாமல் தெரியும். இருபத்தைந்து, முப்பது அடி வரை முயன்றால் வாசிக்கலாம். இப்போது சாலையைப் பாருங்கள். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி விநாடிக்கு 11 மீட்டர் கடக்கிறது. பார்த்து, வாசித்து, "இங்கேதான்" என்று முடிவுசெய்து, ஓரம்கட்ட நாலு விநாடி கொடுங்கள். 44 மீட்டர், அதாவது 145 அடி. அங்கிருந்து சுலபமாகத் தெரிய எழுத்து 14 அங்குலத்துக்கு மேல் வேண்டும், முயன்று வாசிக்கவே 5 அங்குலம் வேண்டும். ஆட்கள் நடந்து மட்டும் போகும் சந்து என்றால் முப்பது நாற்பது அடியில் வாசித்தால் போதும், 4 அங்குலம் தாராளம். உங்கள் வாசலில் யார் எந்த வேகத்தில் போகிறார்கள் என்று தெரியாமல் பலகைக்கு அளவு சொல்கிறவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

தமிழில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. "எழுத்து 12 அங்குலம்" என்று சொல்லி முன்பணம் வாங்குவார்கள். அளந்தது எங்கிருந்து எங்கே? "பூட்டு" என்ற சொல்லில் "பூ" கீழே இறங்கும். "சாவி"யில் "வி"யின் வளைவு மேலே ஏறும். மேல் வளைவின் நுனியிலிருந்து கீழ்ச் சுழியின் அடிவரை அளந்தால் 12 வரும். ஆனால் கண் வாசிப்பது நடு உடலை. "ட", "ப" இவற்றின் உயரத்தை மட்டும் அளந்து பாருங்கள், ஆறு ஏழுதான் இருக்கும். ஆகவே ஆர்டர் கொடுக்கும்போது "டவின் உயரம் இவ்வளவு வேண்டும்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். எழுத்துருவும் மெல்லிய கோடு வேண்டாம். கோட்டின் தடிமன் எழுத்து உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் நல்லது. அதற்காக ரொம்பத் தடியாகவும் போகக்கூடாது, "ண", "ன" இவற்றின் சுழிகள் அடைபட்டு எல்லாம் ஒரே கறுப்புக் கட்டியாகிவிடும். உள்ளிருந்து வெளிச்சம் வரும் எழுத்தாக இருந்தால் இரவில் வெளிச்சம் ஓரங்களில் கசிந்து கோடு இன்னும் தடித்துத் தெரியும், எனவே எழுத்துகளுக்கு இடையே கூடுதலாக இடைவெளி விட வேண்டும்.

பலகையில் என்ன எழுதுவது? எட்டு மாதத்துக் கடையின் பெயர் உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும்தான் முக்கியம். தெருவுக்கு முக்கியம் "சாவி". அந்தச் சொல் பலகையின் பாதியை எடுத்துக்கொள்ளட்டும். பெயர் அதற்குக் கீழே, மூன்றில் ஒரு பங்கு அளவில். பக்கத்தில் ஒரு சாவியின் உருவம். உங்கள் தொழில் கொடுத்துவைத்த தொழில். எழுத்து தெரியாதவர்கள் நிறைந்திருந்த காலத்தில் கடைகளுக்குப் பலகை என்பதே உருவம்தான்: செருப்புக் கடைக்குச் செருப்பு, மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கண்ணாடி, பூட்டுக்காரருக்குச் சாவி. சாவியைப் பார்த்து எந்த மொழிக்காரரும் குழம்ப மாட்டார். போன் எண்ணைப் பலகையில் பெரிதாகப் போட வேண்டாம், வண்டியில் போகிறவர் பத்து இலக்கத்தை மனப்பாடம் செய்யப்போவதில்லை. அதன் இடம் கதவும் ஷட்டரும். ராத்திரி பூட்டிய கடை முன்னால் வந்து நிற்கிறவருக்குத்தான் அது வேண்டும், அவர் இரண்டடி தூரத்தில் நிற்பார். "டூப்ளிகேட் சாவி, பைக் சாவி, கார் சாவி, லாக்கர், பீரோ, கதவுப் பூட்டு பொருத்தித் தரப்படும்" என்ற பட்டியலும் அப்படியே. அதைக் கண்ணாடியில் ஒட்டுங்கள். தூரத்திலிருந்து பார்க்கும் பலகை ஆறேழு சொல்லைத் தாண்டினால் யாருக்கும் ஒன்றும் மனதில் நிற்காது.

அப்புறம் கோணம். சுவரோடு ஒட்டிய பலகை எதிர்ச்சாரியில் நிற்பவருக்கு முழுசாகத் தெரியும். ஆனால் உங்கள் சாரியிலேயே நடந்து வருகிறவருக்கு அது ஒரு கோடு. நேரே நின்று பார்ப்பதிலிருந்து 60 டிகிரி விலகினால் பலகையின் அகலம் கண்ணுக்குப் பாதியாகிவிடும், அதற்கு மேல் சரசரவென்று சுருங்கும். ஆட்கள் பெரும்பாலும் சாலையின் நீளத்தில்தான் வருகிறார்கள், எதிரே நின்று உங்களை ரசிக்கவில்லை. எனவே அகலமான ஒரே பலகைக்குப் பதில், முகப்பில் மிதமான ஒன்று, சுவரிலிருந்து செங்குத்தாக நீட்டி நிற்கும் இரண்டு பக்கப் பலகை ஒன்று, சின்னதாக இருந்தாலும் போதும். சாவி வடிவத்திலேயே வெட்டி அதை மாட்டினால் வேறு எழுத்தே தேவையில்லை. என்னைக் கேட்டால் முதலில் காசு ஒதுக்க வேண்டியது அதற்குத்தான்.

பளபளப்பைப் பற்றிச் சொன்னேன், என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கைக்கடிகாரக் கடைக்குக் கறுப்புக் கண்ணாடி மாதிரி மின்னும் அக்ரிலிக் பின்னணி, மேலே தங்க நிறக் கண்ணாடிப் பூச்சு எழுத்து. பட்டறையில் டியூப்லைட் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது நானே அசந்துபோனேன். போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பினேன். மாட்டிய அன்று சாயங்காலம் நாலு மணிக்கு எதிரே போய் நின்று பார்க்கிறேன், பலகையில் வானம் தெரிகிறது, எதிர்க் கட்டடத்தின் ஜன்னல் தெரிகிறது, ஒரு மின்கம்பி தெரிகிறது. கடைப் பெயர் மட்டும் தெரியவில்லை. கடை மேற்குப் பார்த்தது என்பதை நான் கேட்கவே இல்லை. என் செலவில் கழற்றி மங்கல் பரப்புக்கு மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து முதல் கேள்வியே "கடை எந்தப் பக்கம் பார்த்தது?" என்பதுதான். அடர்ந்த பின்னணியில் வெளிர் எழுத்து, அல்லது மஞ்சளில் கறுப்பு, பரப்பு மினுக்கமில்லாதது. சிவப்பின் மேல் பச்சை, பச்சையின் மேல் சிவப்பு வேண்டவே வேண்டாம், சிவப்பு–பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாக இருக்கிறார்கள், அவர்களுக்குப் பலகை வெறும் பலகையாகத்தான் இருக்கும்.

பொருள். பின்னணிக்கு இப்போது எல்லோரும் ஏசிபி ஷீட்தான் போடுகிறார்கள்: இரண்டு மெல்லிய அலுமினியத் தகடு, நடுவே பிளாஸ்டிக். 3 மில்லிமீட்டர், 4 மில்லிமீட்டர் கனத்தில் வரும். எடை குறைவு, துரு இல்லை, வெட்டுவது சுலபம். ஒரு எச்சரிக்கை: நடுவில் இருக்கும் சாதா பிளாஸ்டிக் எரியக்கூடியது. 2017இல் லண்டன் கிரென்ஃபெல் அடுக்ககத்தில் 72 பேர் இறந்த தீ வேகமாகப் பரவியதற்கு, கட்டடத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்த இதே வகைத் தகடு பெரிய காரணம். உங்கள் பலகை ஒரு கட்டடத்தைப் போர்த்தப்போவதில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் மாடியில் ஆட்கள் குடியிருந்தால், பலகைக்குப் பின்னால் மின்கம்பி போனால், தீத்தடுப்பு வகை ஷீட் கேட்டு வாங்குங்கள்.

எழுத்துக்கு வினைல், அதாவது பின்னால் பசையுள்ள பிளாஸ்டிக் தாள், ஒட்டலாம், அக்ரிலிக் வெட்டிப் பதிக்கலாம். வினைலில் மலிவு வகை இரண்டு மூன்று வருடத்தில் சுருங்கி ஓரம் எழும்பும். வார்ப்பு வகை என்று ஒன்று இருக்கிறது, ஏழு வருடத்துக்கு மேல் நிற்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்று மாதிரியே இருப்பதால் பில்லில் எழுதி வாங்காவிட்டால் எது ஒட்டினார்கள் என்று உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது. அக்ரிலிக் வெயிலுக்கு நன்றாகத் தாங்கும், மஞ்சளிக்காது. ஆனால் வெப்பத்தில் நிறையவே நீளும். 3 மீட்டர் நீள அக்ரிலிக் 30 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் நீளும், இரவில் மறுபடி சுருங்கும். திருகுக்குப் போட்ட ஓட்டை திருகின் அளவுக்கே இறுக்கமாக இருந்தால் எங்கே போகும்? ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி வெடிப்பு விடும். பழைய பலகைகளில் மூலையில் வெடித்திருப்பதைப் பாருங்கள், முக்கால்வாசி இந்தக் கதைதான். ஓட்டையைப் பெரிதாக்கி வாஷர் போட்டு மிதமாக முடுக்கினால் தீர்ந்தது. திருகும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். அதில் மிச்சம் பிடித்துச் சாதா இரும்புத் திருகு போட்டால், முதல் மழைக்காலத்துக்கே ஒவ்வொரு திருகிலிருந்தும் பழுப்பாகக் கண்ணீர்க் கோடு இறங்கும். பலகையின் மொத்த விலையில் திருகுக்கு ஆவது தூசு மாதிரி. ஆனால் பலகைக்கு முதலில் வயதாவது அங்கிருந்துதான்.

வெளிச்சம் வேண்டுமா என்பது நீங்கள் எத்தனை மணிவரை திறந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எல்இடி 50,000 மணி நேரம் எரியும் என்பார்கள். தினம் ஆறு மணி நேரம் என்றால் 22 வருடத்துக்கு மேல் வருகிறது. பொய் இல்லை, விளக்குக்கு அது பொருந்தும். ஆனால் சாவது விளக்கு அல்ல, அதற்கு மின்சாரம் மாற்றித் தரும் பவர் சப்ளை. போன வருடம் நாலு வருடப் பலகை ஒன்றைத் திறந்தேன். அடியில் இரண்டு விரல்கடை உயரத்துக்குச் செத்த பூச்சி, ஈரத்தோடு சேர்ந்து சேறாகியிருந்தது. அந்தச் சேற்றில் பாதி முங்கியபடி பவர் சப்ளை, மேல்மூடியில் பச்சை பூத்திருந்தது. எல்இடி எல்லாம் நல்லபடியாக இருந்தன, புதுச் சப்ளை கொடுத்ததும் பளிச்சென்று எரிந்தன. தண்ணீர் வரக்கூடாது என்று நாலு பக்கமும் சிலிக்கான் அடைத்திருந்தார்கள். தண்ணீர் எப்படியும் வரும், பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் உள்ளேயே வியர்க்கும். அது வெளியே போக அடியில் ஓட்டை வேண்டும். நாலு சின்ன ஓட்டை, அதற்கு வலை. அவ்வளவுதான் விஷயம். பவர் சப்ளையைப் பலகைக்குள் வைக்காமல் கடைக்குள் கைக்கெட்டும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். விளக்குகள் 80 வாட் இழுத்தால் சப்ளை 100 வாட் இருக்கட்டும். முழுச்சுமையில் ஓடினால் சூடேறும். அதன் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களுக்குப் பத்து டிகிரி சூடு கூடினாலே ஆயுள் சுமாராகப் பாதியாகும்.

உங்களுக்கு இதெல்லாம் வேண்டுமா? என் யோசனை, வேண்டாம். வெளிச்சமில்லாத பலகை, மேலேயிருந்து இரண்டு வெளிப்புற எல்இடி விளக்கு பலகையைப் பார்த்தபடி. கெட்டால் ஏணி போட்டு நீங்களே மாற்றலாம். அந்த 15 மடங்கு இப்போது ஆறு ஏழு மடங்குக்கு இறங்கியிருக்கும்.

மாட்டுவதில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். 1718இல் லண்டனில் ஃப்ளீட் ஸ்ட்ரீட் அருகே ஒரு கடையின் தொங்கு பலகை, மாட்டியிருந்த சுவரையும் பெயர்த்துக்கொண்டு விழுந்து நாலு பேர் இறந்தார்கள். யார் பலகை பெரிது என்ற போட்டியில் தெருவின் மேலேயே கூரை மாதிரி பலகைகள் நீட்டிக்கொண்டிருந்த காலம் அது. 1760களில் லண்டன், பாரிஸ் இரண்டு நகரங்களும் தொங்குவதைக் கழற்றிச் சுவரோடு சேர்த்து வைக்கச் சொல்லிவிட்டன. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பலகை மேல் அழுத்தம் நாலு மடங்காகும். மணிக்கு 144 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ தள்ளும். பத்துக்கு மூன்று அடிப் பலகைக்கு 280 கிலோ. பலகையின் எடை இருபது கிலோதான் இருக்கும். ஆகவே எடையைத் தாங்குகிறதா என்று தொங்கிப் பார்ப்பது சோதனையே அல்ல. ஆங்கர் போல்ட் சிமெண்டுப் பூச்சில் நிற்கக்கூடாது, உள்ளே கான்கிரீட்டிலோ நல்ல செங்கல்லிலோ பிடிக்க வேண்டும். துளையிடும்போது பக்கத்தில் நில்லுங்கள். வரும் தூள் வெறும் வெள்ளைப் பூச்சாகவே வந்து, துளை மெத்தென்று இறங்கினால் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஒப்பந்தம் மூன்று வருடம் என்பதால் இரண்டு காரியம். எழுத்துகளைப் பின்னணியில் ஒட்டாமல் பின்னால் தண்டு வைத்துத் திருகிப் பொருத்தச் சொல்லுங்கள், இடம் மாறினால் எழுத்தையும் சாவி உருவத்தையும் கழற்றிக் கொண்டுபோகலாம். பலகை உங்களுடையது, போகும்போது எடுத்துப்போவீர்கள், ஓட்டைகளை அடைத்துத் தருவீர்கள் என்று வீட்டுக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். நீட்டி நிற்கும் பலகைக்கு உள்ளாட்சி அனுமதி வேண்டியிருக்கலாம், செய்வதற்கு முன்னால் கேளுங்கள்.

எப்போது வைக்கக்கூடாது என்று சொல்கிறேன் என்றேனே. ஆட்களே கடக்காத இரண்டாம் மாடி அறை, வீட்டிலிருந்து போனிலேயே நடக்கும் தொழில், ஆறு மாதத்தில் பெயரையோ தொழிலையோ மாற்றும் யோசனை, பத்து மாதத்தில் முடியப்போகும் ஒப்பந்தம், இவற்றுக்குப் பலகை வீண். வாசலில் சின்னதாக ஒரு பெயர்த்தகடு போதும். அதே மாதிரி பலகைக்காகக் கடன் வாங்க வேண்டியிருந்தால் முதலில் சாவி வெட்டும் மெஷினை நல்லதாக வாங்குங்கள், வந்தவர் திரும்பி வருவது அதனால்தான். இந்த இடைக்காலத்துக்கு இன்னொரு பேனர் கட்டினாலும் பரவாயில்லை. ஆனால் பின்னால் வைக்கப்போகும் பலகையின் அதே நிறம், அதே எழுத்துரு, அதே சாவிப் படத்தில் கட்டுங்கள். பழகிய முகம் தொடரும்.

ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் காசில்லாமல் ஒன்று செய்து பாருங்கள். "சாவி" என்ற சொல்லை நீங்கள் நினைக்கும் அளவிலேயே சார்ட் பேப்பரில் வெட்டி, பலகை வரப்போகும் இடத்தில் ஒட்டுங்கள். இரண்டு நாள் இருக்கட்டும். காலையில் ஒரு முறை, வெயில் சாயும்போது ஒரு முறை, இருட்டிய பிறகு ஒரு முறை, சாலையின் இரண்டு முனையிலிருந்தும் நடந்து வாருங்கள். முதலில் கண்ணை லேசாகச் சுருக்கிக்கொண்டு பாருங்கள், அப்புறம் வண்டியில் வாருங்கள். எந்த இடத்தில் முதன்முதலாகத் தெரிகிறது என்று தரையில் ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். இந்தத் தெருவுக்குப் புதிதான நண்பர் ஒருவரை, எதையும் சொல்லாமல், அங்கே நிறுத்தி "என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேளுங்கள். கோடு உங்கள் கடை வாசலுக்கு முப்பது அடிக்குள் விழுந்தால் எழுத்து சின்னது, அல்லது ஒரு மரக்கிளையோ பக்கத்துக் கடையின் வெயில் மறைப்போ நடுவில் இருக்கிறது. அந்த அளவையும், கடை எந்தப் பக்கம் பார்த்தது என்பதையும், சாலையின் எந்தப் பக்கத்திலிருந்து ஆட்கள் அதிகம் வருகிறார்கள் என்பதையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு பலகை செய்கிறவரிடம் போங்கள். மூன்று பேரிடம் விலை கேளுங்கள். அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கேள்வி கேட்பவரிடம் வேலையைக் கொடுங்கள்.